சைடிங்குக்கு அந்தப்பக்கம் ஓடிய மேட்ச்

எங்கள் அபார்ட்மென்டில் அந்த ஸ்போர்ட்ஸ் சேனல் இருட்டாகிப் பதினோரு நாள் ஆகியிருந்தது. பதினோரு நாள் என்பது காலண்டர் சொல்வது. ரிட்டயரானவனுக்கு அது பதினோரு வருடம். என் தலையில் மிச்சமிருந்த நாற்பது முடியில் முப்பத்தெட்டு அந்த நாட்களில்தான் உதிர்ந்தன. சந்தேகமிருந்தால் என் மகள் வர்ஷினியைக் கேளுங்கள். அவள் மறுப்பாள், நம்பாதீர்கள்.

விவகாரம் இதுதான். செகந்திராபாத்தை ஒட்டிய நாச்சாரத்தில் எங்கள் தெருவுக்குக் கேபிள் கொடுப்பவர் சலீம் பாய். வீட்டுக்கு இவ்வளவு என்று சேனல் கம்பெனிக்குப் பணம் கட்ட வேண்டும்; தன்னிடம் முந்நூறு வீடுதான் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருந்தார். கம்பெனி ஆள் ஒருவன் ஸ்கூட்டரில் வந்து, மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி ஒயர்களை எண்ணிவிட்டுப் போனான். ஆயிரத்துச் சொச்சம். மறுநாள் காலை எங்கள் டிவியில் நீலத்திரை. “சரியா எழுதிக் குடு, அப்புறம் படம்” என்றது கம்பெனி. “ரேட்டைக் குறை, அப்புறம் எழுதறேன்” என்றார் சலீம் பாய். நடுவில் நாங்கள்.

அபார்ட்மென்டுக்குப் பின்னால் ஒற்றைத் தண்டவாளம் ஒன்று ஃபாக்டரிகளுக்குப் போகிறது. வாரத்துக்கு இரண்டு சரக்கு வண்டி வந்தால் அதிகம். சைடிங் என்போம். அதற்கு அந்தப்பக்கம் வேறொரு கேபிள்காரரின் ராஜ்ஜியம். அங்கே அதே சேனல் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது. ராத்திரி பால்கனியில் நின்றால், எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ சிக்ஸர் அடிப்பது சுண்டைக்காய் அளவுக்குத் தெரியும். இதைவிட நரகம் உண்டா?

2004 மார்ச் அது. வர்ஷினி மாதாப்பூரில் உட்கார்ந்து அமெரிக்காக்காரன் கம்ப்யூட்டரைச் சரி செய்துகொண்டிருந்தாள். எங்கள் டிவியைச் சரி செய்யத்தான் பூமியில் ஆள் இல்லை.

எங்கள் அபார்ட்மென்ட் ரயில்வேக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து கட்டியது. இருபத்து நாலு வீடு, மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. பொன்மலை, பெரம்பூர், அரக்கோணம் என்று எங்கெங்கோ பிறந்து, செகந்திராபாத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர்கள். நான் டெலிகாம் இன்ஸ்பெக்டர். ரயில்வே டெலிபோன் கம்பிகளோடு முப்பத்தாறு வருடம் குடித்தனம் நடத்தியவன். என் சிநேகிதன் சூசைராஜ் எஞ்சின் டிரைவர். மூன்றாவது மாடி ராஜகோபால் மட்டும் இன்னும் சர்வீஸில் இருந்தார், டிக்கெட் பரிசோதகர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் அம்பயர். இருபத்திரண்டு வருடமாக வெயிலில் மைதானம் மைதானமாக நின்று, பரீட்சை பரீட்சையாகப் பாஸ் செய்து, கடைசியில் அந்த மார்ச்சில் நாக்பூரில் நடக்கும் நாலு நாள் மேட்ச் ஒன்றுக்கு அம்பயராகப் போனார். அவர் வாழ்க்கையிலேயே டிவியில் வரப்போகிற முதல் மேட்ச்.

அம்பயரைப் பார்க்க மேட்ச் போடச் சொன்ன ஒரே ரசிகர் கூட்டம் பிரபஞ்சத்தில் நாங்கள்தான். ஆடும் டீம்களின் பெயர்கூட எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது.

முதல் நாள் காலை எட்டரைக்கு ராஜகோபால் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கனகவல்லி தொடையிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் இருந்தாள். படிக்கட்டில் விழுந்து மூன்று வாரம். இல்லாவிட்டால் அவளே நாக்பூர் போயிருப்பாள். காபி போட்டுக் கொடுக்கலாமென்று சமையலறைக்குள் போனவன், சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்னத் தகர டப்பியைப் பார்த்தேன். உள்ளே ஆரஞ்சு மிட்டாய்.

“ஏம்மா கனகு, மிட்டாயெல்லாம் ஒளிச்சு வச்சுச் சாப்பிடறியா?” என்று டப்பியை ஆட்டிக்கொண்டே வந்தேன்.

அவள் முகம் மாவுக்கட்டைவிட வெளுத்துவிட்டது.

“அண்ணே, அது எங்கே இருந்துச்சு?”

“அடுப்பு மேடையில.”

“ஐயோ. விட்டுட்டுப் போயிட்டாரு.”

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. ஓவருக்கு ஆறு பந்தை எண்ண அந்தக் காலத்து அம்பயர்கள் பையில் ஆறு கூழாங்கல் வைத்திருப்பார்கள். ஒரு பந்து போட்டால் ஒரு கல் வலது பையிலிருந்து இடது பைக்குப் போகும். ராஜகோபாலுக்கு நாலு வருடமாகச் சர்க்கரை வியாதி, தினமும் காலையில் இன்சுலின் ஊசி. வெயிலில் நின்றால் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும், எப்போதும் பையில் இனிப்பு இருக்கட்டும் என்றார் டாக்டர். இனிப்போடு மைதானத்தில் நிற்பது கௌரவக் குறைச்சல் என்றார் ராஜகோபால். இவள் என்ன செய்தாள் தெரியுமா? கூழாங்கல்லைத் தூக்கிப் போட்டுவிட்டு ஆறு மிட்டாயை வைத்துவிட்டாள். நாலு வருடமாக எங்கள் அம்பயர் மிட்டாயில்தான் பந்தை எண்ணினார். தலை சுற்றினால் ஒன்று வாய்க்குப் போகும்.

“டிவியில வர்றோம்னு புதுசா ஒரு கவுன்ட்டர் வாங்கிட்டாருண்ணே, கையில அமுக்கறது. இனிமே மிட்டாய் எதுக்குன்னு நெனச்சிருப்பாரு. ஏழரைக்குப் போன் பண்ணினாரு. ஊசி போட்டாச்சாம். டிபன் சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். ‘கிரவுண்ட்ல பாத்துக்கறேன், வயித்துக்குள்ள என்னமோ பண்ணுது’ங்கறாரு.”

“லாட்ஜுக்குப் போன் போடு!”

“கிளம்பிப் போயிருப்பாரு. எட்டு மணிக்கே வேன் வரும்னு சொன்னாரு.”

அவரிடம் மொபைல் கிடையாது. மைதானத்தின் நம்பர் எங்களுக்குத் தெரியாது. வர்ஷினிக்குப் போன் போட்டேன். அவள் இன்டர்நெட்டில் துழாவி ஒரு நம்பர் கொடுத்தாள். அடித்தால் ஃபேக்ஸ் மிஷின் கீச்சென்று கத்தியது. மூன்று முறை அடித்தேன், மூன்று முறையும் என் காதோடு சண்டை போட்டது.

“போலீஸுக்காவது சொல்லுவோம்மா” என்றேன்.

“நக்கோண்ணே, வேண்டாம். சர்க்கரைன்னு ஃபாரத்துல எழுதவே இல்ல. தெரிஞ்சா அம்பயர் லிஸ்ட்லேர்ந்து தூக்கிடுவாங்க. இருபத்திரண்டு வருஷம்! ஒண்ணுமில்லாததுக்கு நானே போன் பண்ணி அவர் பொழப்பைக் கெடுத்துட்டா? அவர் முகத்தை ஒரு தடவை பாத்தாப் போதும், எனக்குத் தெரிஞ்சிடும். டிவியை மட்டும் வரவைங்க.”

ஒன்பது மணி. மேட்ச் ஒன்பதரைக்கு.

முதலில் புஷ்பாவுக்குப் போன் போட்டோம். சைடிங்குக்கு அந்தப்பக்கம் இருக்கிற ரிட்டயர்டு நர்ஸ். நல்ல மனுஷி, கிரிக்கெட் மட்டும் தெரியாது. ஒன்பதே முக்காலுக்குத் திரும்பக் கூப்பிட்டாள்.

“ரெண்டு பேரு தொப்பி போட்டுட்டு நிக்கறாங்க சார். எது உங்க ஆளு?”

“ஒல்லியா இருப்பாரு. மூக்குக் கண்ணாடி.”

“ரெண்டும் கண்ணாடிதான். ஒண்ணு நல்லாருக்கு, இன்னொண்ணும் நல்லாருக்கு.”

கனகவல்லி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் சலீம் பாயின் ஆபீசுக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் அறுபத்து நாலு வயதில் ஒலிம்பிக் ரெக்கார்டு. ஆபீஸ் என்பது ஒரு மொட்டை மாடி ஷெட், நாலு டிஷ் ஆண்டெனா, ஒரு ரேக் நிறையப் பெட்டிகள், ஒரு பெஞ்ச்.

“சார், நான் கட் பண்ணல, அவன் கட் பண்ணினான்” என்று என்னைக் கண்டதுமே ஆரம்பித்தார். பதினோரு நாளாக அதே வசனம்.

விஷயத்தைச் சொன்னேன். வசனம் நின்றது.

“சேனல் பெட்டி லாக் ஆயிருக்கு சார். என் கையில ஒண்ணுமில்ல.”

“புஷ்பா வீட்லேர்ந்து ஒயர் இழுத்துக்கறேன். எண்பது மீட்டர் கேபிளும் ஒரு ஆம்ப்ளிஃபையரும் குடு.”

“அந்தாள் ஏரியா சிக்னலை என் ஏரியாவுக்குள்ளயா? ஒயரை வெட்ட மாட்டான் சார், என் காலை வெட்டுவான்!” ஜன்னலைப் பார்த்தார், ரேக்கைப் பார்த்தார். அப்புறம் சாவியைப் பெஞ்சில் வைத்தார். “நான் டீ குடிக்கப் போறேன். வர்றப்ப ஏதாவது திருடு போயிருந்தா எனக்குத் தெரியாது. அந்த நீலக் கலர் ஆம்ப்ளிஃபையரை எடுக்காதீங்க, அது வேலை செய்யாது. கறுப்பு.”

பத்து மணிக்கு நான் கேபிள் சுருளோடு சைடிங்கில் நின்றேன். அங்கேதான் சூசைராஜ் குறுக்கே விழுந்தான்.

“பெர்மிஷன் வாங்கினியா?”

“யாருகிட்ட?”

“தண்டவாளத்துக்கு மேல ஒயர் இழுக்கறதுன்னா டிவிஷன் ஆபீஸ்ல எழுதி வாங்கணும். உயரம் அளக்கணும். வண்டியே வராம லைன் பிளாக் எடுக்கணும்.”

“சூசை, திருட்டு ஒயருடா இது!”

“திருட்டு கேபிள்காரனுக்கு. தண்டவாளம் ரயில்வேக்கு. அதுல விளையாடாதே.”

வேறு எந்த ஊரிலும் திருடர்கள் இப்படிச் சண்டை போட்டுக்கொள்ள மாட்டார்கள். பன்னிரண்டு நிமிடம் போனது. கடைசியில் ஒரு சமரசம். ரிட்டயராகும்போது திருப்பிக் கொடுக்க மறந்த சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு, வளைவுவரை போய் அவன் காவல் நிற்பான். ஒயர் மேலே இருக்கிறவரை ஒரு வண்டியும் வராது. அது ஒரு ரிட்டயர்டு டிரைவரின் வாக்கு.

புஷ்பா வீட்டு மாடியில் கறுப்புப் பெட்டியை மாட்டினேன். ஒயர் நுனியில் அரைச் செங்கல்லைக் கட்டி இந்தப்பக்கம் எறிந்தோம். மூன்றாவது மாடிப் பால்கனியிலிருந்து கயிறு இறக்கி மேலே தூக்கினார்கள். எண்பது மீட்டர் ஒயர் நடுவில் தொப்பையாகத் தொங்கியது, தண்டவாளத்துக்கு மேலே ஆள் உயரம் இரண்டுதான்.

பத்து முப்பத்தைந்து. நீலத்திரை போய் பனிமழை வந்தது. நான் ஒயரைத் திருக, பனிமழைக்குள்ளே பச்சை. பச்சைக்குள்ளே வெள்ளையாகப் புள்ளிகள். கட்டிலைச் சுற்றி முப்பது பேர்.

“அதோ, அதோ! ராஜகோபாலு!” என்று யாரோ கத்தினார்கள். ஸ்டம்புக்குப் பின்னால் அவர்தான். கேமரா கிட்டே போனது. தொப்பிக்குக் கீழே அந்தக் கண்ணாடி.

“பாத்தியாம்மா, எவ்வளவு சந்தோஷமா நிக்கறாரு! சிரிச்ச முகமா!” என்றேன் நான், முட்டாள்.

கனகவல்லி சிரிக்கவில்லை.

“அண்ணே, அவரு டூட்டியில சிரிச்சு நீங்க பாத்திருக்கீங்களா?”

யோசித்தேன். ரயிலிலும் சரி, மைதானத்திலும் சரி, ராஜகோபாலின் முகம் டிக்கெட் இல்லாதவனைப் பிடித்த முகம்தான்.

“சர்க்கரை இறங்கினா அவருக்கு முதல்ல சிரிப்புத்தான் வரும். வீட்ல மூணு தடவை பாத்திருக்கேன். கால் மணி சிரிப்பாரு. அப்புறம் விழுந்துடுவாரு.”

திரையில் பவுலர் அப்பீல் செய்தான். ராஜகோபால் அவனைப் பார்த்து, கல்யாணத்துக்கு வந்தவரை வரவேற்பது மாதிரி, இன்னும் பெரிதாகச் சிரித்தார்.

“லிஸ்ட்ல இருந்து எடுத்தா எடுக்கட்டும்” என்றாள் கனகவல்லி. “யாருக்கு வேணும்னாலும் சொல்லுங்க. இப்பவே.”

யாருக்கு? எப்படி? நாங்கள் முப்பது பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் ஹார்ன் கேட்டது. நீளமான எஞ்சின் ஹார்ன். உலகம் தோன்றிய நாளிலிருந்து அந்த நேரத்துக்கு வராத சரக்கு வண்டி.

பால்கனியிலிருந்து பார்த்தேன். வளைவில் சூசைராஜ் தண்டவாளத்தின் நடுவில் கால் பரப்பி நின்று கொடியை வீசிக்கொண்டிருந்தான். நாற்பது வேகன், பின்னால் மலை மாதிரி இரைச்சல். பிரேக் பிடித்த சத்தம் பட்டான்செரு வரைக்கும் கேட்டிருக்கும். எஞ்சின் அவன் வேட்டிக்கு நாலடி முன்னால் நின்றது. அவன் நாற்பதடி என்பான். யார் பால்கனியில் இருந்தது?

நான் கீழே இறங்கி ஓடினேன். எஞ்சினிலிருந்து தலையை நீட்டிய டிரைவர் ஒரு காலத்தில் சூசையிடம் அசிஸ்டன்டாக இருந்தவன். “சார், நீங்களா! என்ன சார், தண்டவாளம் உடைஞ்சிடுச்சா?” சூசை தூரத்தில் தொங்கும் ஒயரைக் காட்டினான். “மேட்ச்” என்றான். டிரைவர் ஒயரை எட்டிப் பார்த்தான். “ஸ்கோர் என்ன சார்?”

வண்டி நடுவழியில் நின்றால் ஐந்தே நிமிடத்தில் கன்ட்ரோல் ஆபீஸ் விழித்துக்கொள்ளும். பக்கத்து லெவல் கிராஸிங்கின் கேபினில் போன் அடித்தது. கேட்மேன் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு “சார், சார்” என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் போன்! செகந்திராபாத் கன்ட்ரோல், அங்கிருந்து காஜிபேட், பல்லார்ஷா, நாக்பூர். ரயில்வேயின் சொந்தக் கம்பி. அதில் பாதி தூரம் நான் கம்பம் கம்பமாக ஏறியிருக்கிறேன். ரிசீவரைப் பிடுங்கினேன்.

“எதுக்கு வண்டி நிக்குது?” என்று தெலுங்கில் உறுமினார் கன்ட்ரோலர்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். மிட்டாய், இன்சுலின், ஒயர், சிரிப்பு. வேலை போய்விடுமோ என்று பயந்தேன், ரிட்டயராகி ஆறு வருடமாகிவிட்டது என்பதே மறந்துவிட்டது.

“யாரு, டிக்கெட் செக்கர் ராஜகோபாலா? கண்ணாடி போட்டவரா? ஒரு தடவை என் மச்சானுக்கு ஃபைன் போட்டாரே, அவரா?”

“அவரேதான் சார்.” செத்தோம் என்று நினைத்தேன்.

“நாக்பூருக்கு நான் சொல்றேன். ஸ்டேஷன்லேர்ந்து ஆள் போவாங்க. ஆனா என் வண்டி இன்னும் ரெண்டு நிமிஷத்துல நகரணும். ஒயரைக் கழட்டுங்க. இப்பவே.”

நியாயம்தான். ஆனால் மேலே ஒருத்தி திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருக்கிறாள். வெளியே வந்து மூன்றாவது மாடியைப் பார்த்துக் கத்தினேன். “கனகு! சேதி போயிடுச்சு! ஒயரை எடுக்கணுமாம்! எடுக்கட்டுமா?”

உள்ளே அவளிடம் கேட்டு யாரோ பால்கனிக்கு வந்தார்கள். “இன்னும் நின்னுட்டுத்தான் இருக்காராம்! ஸ்டம்பைப் பிடிச்சுட்டு நிக்கறாராம்! எடுக்கச் சொல்லுது!”

பால்கனியில் வெட்டச் சொன்னேன். ஒயர் பாம்பு மாதிரி சுருண்டு விழுந்தது. நாற்பது வேகனும் ஒவ்வொன்றாக, வேண்டுமென்றே மெதுவாக, எங்களைக் கடந்து போயின. டிரைவர் கை ஆட்டினான். நான் ஆட்டவில்லை.

மேலே போக எனக்குத் தைரியம் வரவில்லை. கேபின் வாசலில் நானும் சூசையும் உட்கார்ந்தோம். பத்து ஐம்பத்தைந்து. பதினொன்று. அவள் சொன்ன கால் மணி முடிந்துவிட்டது. பதினொன்று பத்து. சூசை ஜெபமாலையை எடுத்தான். என் வாழ்க்கையில் நான் கொஞ்சமும் மிகைப்படுத்தாமல் சொல்லக்கூடிய ஒரே விஷயம் இதுதான்: அந்த இருபது நிமிடத்தில் நாங்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினொன்று பதினேழுக்குப் போன் அடித்தது.

“எழுதிக்குங்க” என்றார் கன்ட்ரோலர். “நாக்பூர்லேர்ந்து ஒரு டிக்கெட் கலெக்டர் ஸ்கூட்டர்ல போனார். வாசல்ல விடல. ஸ்கோரர் ரூம் வழியாப் போய், பன்னிரண்டாவது ஆட்டக்காரன் கையில குளுக்கோஸ் தண்ணி குடுத்தனுப்பினாங்க. அவன் போறதுக்குள்ள அம்பயர் மண்டி போட்டு உக்காந்துட்டார். ரெண்டு டம்ளர் குடிச்சார். ஏழு நிமிஷம் கழிச்சு எழுந்து, இந்த ஓவர்ல இன்னும் எத்தனை பந்து பாக்கின்னு கேட்டாராம்.”

படிகளை எப்படி ஏறினேன் என்று தெரியாது. பறந்தேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்கள். கனகவல்லி நீலத்திரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

“இன்னும் மூணு நாள் இருக்கு மேட்ச்” என்றாள். “நாக்பூருக்குச் சாயங்காலம் எத்தனை மணிக்கு வண்டி?”

“இந்தக் காலோடயா?”

“உங்க சேனலை நம்பி இன்னொரு நாள் என்னால உக்கார முடியாதுண்ணே.”

சாயங்காலம் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இறக்கினோம். முன்னால் நாலு பேர், பின்னால் நாலு பேர், மாவுக்கட்டைப் பிடிக்கத் தனியாக ஒருவர். ஒவ்வொரு திருப்பத்திலும் சூசைராஜ் “ஸ்டாப்! கொஞ்சம் பேக்! இப்ப விடு!” என்று கத்தினான். மூன்று மாடிக்கு முக்கால் மணி நேரம். “சரக்கு வண்டியே பரவால்ல” என்றாள் அவள்.

நாக்பூரில் மேட்ச் ரெஃப்ரியிடம் ராஜகோபாலே உண்மையைச் சொல்லிவிட்டார். மணிக்கொரு தடவை ஏதாவது சாப்பிட வேண்டும் என்ற நிபந்தனையோடு நிற்கவிட்டார்கள். அதற்குப் பிறகு லிஸ்டில் வைப்பார்களா என்பதைப் பின்னால் பார்த்துக்கொள்ளலாமாம். கனகவல்லி பவுண்டரிக்கு வெளியே ஒரு நாற்காலியில் தானும், எதிர் நாற்காலியில் காலுமாக உட்கார்ந்தாள்.

எங்களுக்கு அதே நீலத்திரை. ஒயரை மறுபடி இழுக்கலாமென்றால், டிவிஷன் ஆபீஸ் அனுமதியில்லாமல் ஒரு நூல்கூட விடமாட்டேன் என்று சூசை தண்டவாளத்தில் உட்கார்ந்துகொண்டான். இரண்டாம் நாள் ஆட்டம் முடிந்ததும் நாக்பூரிலிருந்து போன் வந்தது. ஸ்பீக்கரைச் சுற்றி முப்பது பேரும் கூடினோம்.

“கனகு, சீக்கிரம் சொல்லும்மா, ஸ்கோர் என்ன?”

“ஸ்கோரா? அதை யாருண்ணே பாத்தா?” என்றாள். “பதினொன்றரைக்கு ஒரு வாழைப்பழம் சாப்பிட்டாரு. மூணு மணிக்கு ரெண்டு பிஸ்கட். ஒண்ணைப் பாதி கடிச்சுட்டுப் பையில போட்டுக்கிட்டாரு, அதுக்குத்தான் இப்ப சண்டை போட்டுட்டிருக்கேன். இருங்க, அப்புறம் பேசறேன்.”